எலும்பு ஸ்கேனில் புள்ளிகள் கூடினால் மருந்து தோற்றுவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்த பின், ஐந்து ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் முதுகுவலி என்று மருத்துவரிடம் போனபோது, முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருப்பது எலும்பு ஸ்கேனில் தெரிந்தது. இடுப்பெலும்பில் பயாப்ஸி எடுத்துப் பார்த்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள பழைய புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். லெட்ரோசோல், ரைபோசிக்லிப் மாத்திரைகளும் மாதம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசியும் கொடுக்கிறார்கள். முதுகுவலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இரவில் நன்றாகத் தூங்குகிறார். ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்த எலும்பு ஸ்கேனில் பழைய புள்ளிகள் முன்பைவிட அடர்த்தியாக இருப்பதாகவும், விலா எலும்புகளில் இரண்டு, இடது தொடை எலும்பின் மேல்பகுதியில் ஒன்று எனப் புதிய புள்ளிகள் இருப்பதாகவும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. "மருந்தை மாற்ற வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்" என்கிறார் மருத்துவர். மருந்து கேட்கவில்லை, உடனே பெட் ஸ்கேன் எடுத்து வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்கிறார்கள் உறவினர்கள். யார் சொல்வதைக் கேட்பது? அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு கெடுதல் செய்யாதா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை பாட்டியை விட்டு நகர்வதே இல்லை. இரண்டு வாரமாக நடக்கும்போது இடது தொடை வலிப்பதாகவும் அம்மா சொல்கிறார். வயதானால் வரும் மூட்டுவலிதான் என்று விட்டுவிட்டோம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஸ்கேனில் புள்ளி தெரிந்த அதே தொடையில், அதுவும் காலை ஊன்றி நடக்கும்போது வலி வருகிறது என்றால், அதை மூட்டுவலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. உடல் எடையைத் தாங்க முடியாத அளவுக்கு அந்த எலும்பு வலுவிழந்திருக்கலாம் என்றே எண்ணிக்கொண்டு, அப்படி இல்லை என்பதைப் படம் எடுத்து உறுதி செய்யும் வரை மிகக் கவனமாக இருக்க வேண்டும். இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இந்த வலியைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அவர் காதுக்கு இன்னும் போகவில்லை என்று தோன்றுகிறது. படம் எடுக்கும் வரை அம்மா வாக்கர் பிடித்து மட்டும் நடக்கட்டும். மாடிப்படி ஏறுவதையும், தரையில் அமர்ந்து எழுவதையும், குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையையும் தவிர்க்கட்டும். எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

இதற்கு முதலில் தேவைப்படுவது பெரிய ஸ்கேன் எதுவும் இல்லை. இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை முழுத் தொடை எலும்பையும் இரண்டு கோணங்களில் காட்டும் சாதாரண எக்ஸ்ரே போதும். எலும்பின் வெளிச்சுவர் எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை அதில் பார்த்துவிடலாம். ஆனால் எலும்பிலுள்ள தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல் அந்த இடத்துக்கு மட்டும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். எலும்பு முறியும் அபாயத்தைக் கணிக்க, மிரெல்ஸ் என்ற மருத்துவர் 1989-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை எலும்பு அறுவை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இடம், வலி, எலும்பு கரைந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்ற தன்மை, எலும்பின் அகலத்தில் எத்தனை பங்கு பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற அளவு ஆகிய நான்குக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் தந்து கூட்டினால், 12-க்கு 9 அல்லது அதற்கு மேல் வரும்போது, எலும்பு முறியும் முன்பே உள்ளே கம்பி வைத்துத் தாங்கல் கொடுப்பது நல்லது என்பது அதன் கணக்கு. காலை ஊன்றினால் வரும் வலிக்கு அதில் 3 மதிப்பெண். தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குக் கீழே வளைந்து திரும்பும் இடத்துக்கும் 3 மதிப்பெண். அம்மாவின் புள்ளி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்றால், மற்ற இரண்டுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டாலும் கூட்டுத்தொகை 8 ஆகிவிடும். நான் இதை இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். திட்டமிட்டு வைக்கும் கம்பியும், தேவையானால் அதன் பின் தரும் கதிர்வீச்சும் நோயாளியைச் சில நாட்களில் நடக்க வைக்கும். முறிந்த பின் செய்யும் அறுவை சிகிச்சை வலியும் சிரமமும் மிகுந்தது, அதற்குள் புற்றுநோய் மருந்தும் தடைபட்டுப்போகும்.

முன்பு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட காலத்தில், எலும்பு தேயாமலிருக்க அம்மா ஆண்டுக்கணக்கில் வேறு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தகைய மருந்துகளை நீண்ட காலம் எடுத்தவர்கள் சிலருக்குப் புற்றுநோய் இல்லாத இடத்திலும் தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய கீறல் விழுவதுண்டு. அதுவும் எலும்பு ஸ்கேனில் புள்ளியாகவே தெரியும், நடக்கும்போது வலியாகவே தொடங்கும். சிகிச்சை மட்டும் வேறு.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன்.

எலும்பு ஸ்கேன் புற்றுநோய்ச் செல்லைப் படம் பிடிப்பதில்லை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள முரண்பாடு பெருமளவு விளங்கிவிடும். அந்த ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்துவது, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்துடன் பாஸ்பேட் வகை மூலக்கூறு ஒன்றை இணைத்துச் செய்த மருந்து. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியன், ஜான் மெக்காஃபி ஆகிய இருவரும் 1971-இல் இந்த வழியைத் திறந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் எம்.டி.பி. என்ற வடிவமும் சில ஆண்டுகளில் சுப்பிரமணியன் குழுவிடமிருந்தே வந்தது. ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த மருந்து இரத்தத்தை விட்டு நீங்கி, எங்கெல்லாம் புது எலும்பு உருவாகிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் தேவை என்பதே. ஆகவே படத்தில் கறுப்பாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் "இங்கே எலும்பு கட்டும் வேலை நடக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. அந்த வேலை ஏன் நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. புற்றுநோய், எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், பழைய அடி எல்லாம் ஒரே நிறத்தில்தான் தெரியும்.

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குள் போனதும் தானாக எலும்பைத் தின்பதில்லை. எலும்பைக் கரைப்பதற்கென்று உடலிலேயே இருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்களைத் தூண்டிவிட்டு, அவை கரைக்கும்போது எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருள்களைத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. அருகிலுள்ள ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் இழப்பை ஈடுகட்டப் புது எலும்பைக் கட்ட முயல்கின்றன. கரைத்தலின் கை ஓங்கியிருக்கும்போது கட்டும் வேலை குறைவாகவே நடப்பதால், எலும்பில் ஓட்டையே இருந்தாலும் எலும்பு ஸ்கேனில் மங்கலாகவோ ஒன்றுமே இல்லாதது போலவோ தெரியலாம். லெட்ரோசோலும் ரைபோசிக்லிப்பும் புற்றுநோய்ச் செல்லை அடக்குகின்றன. சோலெட்ரோனிக் அமிலம் ஆஸ்டியோகிளாஸ்ட்டின் கையைக் கட்டுகிறது. கரைத்தல் நின்றதும், இதுவரை தோற்றுக்கொண்டிருந்த கட்டும் செல்கள் தடையின்றி வேலையில் இறங்குகின்றன. அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் புள்ளிகள் முன்பைவிட அடர்ந்து தெரியும். மங்கலாக இருந்து கண்ணில் படாமற்போனவைகூட இப்போது "புதிய" புள்ளிகளாக மேலே வரும். ஒரு வீட்டின் முன் செங்கல்லும் மணலும் குவிந்து கிடப்பதைத் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே வேலை நடப்பது தெரியும்; சுவர் இடிந்துகொண்டிருக்கிறதா, இடிந்த சுவரை எழுப்புகிறார்களா என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

புற்றுநோய் மருத்துவர்கள் இதை ஃப்ளேர் என்று சொல்வார்கள். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை இது அதிகமாகக் காணப்படும். சிலருக்கு ஆறு மாதம் வரைகூட நீடிக்கும். அம்மாவின் ஸ்கேன் எடுக்கப்பட்டது அந்தக் காலத்துக்குள்தான். புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்து ஆய்வுகளில் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சிகிச்சைக்குப் பின் எடுக்கும் முதல் எலும்பு ஸ்கேனில் புதிய புள்ளிகள் தெரிந்தாலும், அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு புதிய புள்ளிகளாவது வந்தால்தான் நோய் முற்றியதாகக் கொள்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அத்தனை திட்டவட்டமான விதி இல்லை என்றாலும், காரணம் ஒன்றுதான். "மூன்று மாதம் பார்ப்போம்" என்று உங்கள் மருத்துவர் சொன்னதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். வலி குறைந்திருக்கும் ஒரு நோயாளியிடம் நானும் அதையே சொல்வேன்.

அதற்காக எல்லாப் புள்ளிகளையும் ஃப்ளேர் என்று சொல்லி மூடிவிடவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். விலா எலும்புப் புள்ளிகள் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அவை இடது பக்கம் என்றால், முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடத்துக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதிர்வீச்சு பட்ட விலா எலும்பு பல ஆண்டுகள் கழித்தும் ஒரு பலத்த இருமலுக்கே கீறல் விடக்கூடும். அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒரே கோட்டில் சிறு வட்டங்களாகப் புள்ளிகள் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் அடிபட்டதன் அடையாளம். ஒரே விலா எலும்பின் நீளவாட்டில் நிறம் நீண்டு கிடந்தால் நோய் என்ற ஐயம் வலுக்கும். கடந்த சில மாதங்களில் அம்மா கட்டிலிலிருந்தோ குளியலறையிலோ விழுந்தாரா, நீண்ட நாள் இருமல் இருந்ததா என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். ஸ்கேன் படிக்கும் எங்களுக்குப் பல நேரங்களில் இந்தச் செய்தி எழுதப்பட்டு வருவதே இல்லை.

"அடர்த்தி கூடியிருக்கிறது" என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசிக்கும் படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் சென்றது, எவ்வளவு மருந்து செலுத்தப்பட்டது, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றியது, அச்சிட்டவர் படத்தின் கறுப்பு வெள்ளையை எப்படி வைத்தார் என்பதைப் பொறுத்து ஒரே புள்ளி ஒரு படத்தில் வெளிறியும் இன்னொன்றில் கறுத்தும் தோன்றும். இரண்டு பிலிம்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உறவினர்கள் ஒப்பிடுவது எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டாலும் முடிவுக்கு உதவாது. இரண்டு ஸ்கேன்களும் பதிவான கணினி வட்டுகளையும் வாங்கி, ஒரே மருத்துவர் கணினித் திரையில் அருகருகே வைத்து ஒப்பிடும்படி கேளுங்கள்.

வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு உதவுவது சி.டி. ஸ்கேன்தான். சிகிச்சை தொடங்கும் முன் மார்பு, வயிற்றுப் பகுதிக்கு சி.டி. எடுத்திருப்பார்கள், இப்போதும் எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் எடுக்க வேண்டும். முன்பு ஓட்டையாக, கறுப்பாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டி, அது உள்நோக்கி நிறைந்துகொண்டு வந்தால் எலும்பு ஆறுகிறது என்று பொருள். முன்பு சி.டி.யில் எதுவும் தெரியாத இடத்தில் இப்போது சிறு வெள்ளைப் புள்ளி தோன்றினால், அதுவும் ஆறிய தழும்பாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் "புதிது" என்று எழுதப்பட்டாலும் நோய் அங்கே முன்பே இருந்திருக்கும். மாறாக ஓட்டை பெரிதாகியிருந்தாலோ, எலும்பின் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு சதைக்கட்டி வெளியே வளர்ந்திருந்தாலோ, கல்லீரலிலும் நுரையீரலிலும் புதிய கட்டிகள் தெரிந்தாலோ அது உண்மையான முற்றுதல். அப்போது மருந்தை மாற்றத் தயங்கக் கூடாது. புற்றுநோய் ஆய்வுகளில் கட்டியின் அளவை வைத்து முன்னேற்றத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் ரெசிஸ்ட் விதிமுறையின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, சதைப்பகுதி இல்லாத எலும்பு நோயை "அளக்க முடியாதது" என்றே வகைப்படுத்துகிறது. நுரையீரல் கட்டிக்குச் சொல்வதைப் போல "இத்தனை மில்லிமீட்டர் குறைந்தது" என்று எலும்புக்கு எளிதில் சொல்ல முடியாததால்தான், படம், வலி, இரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது.

மார்பகப் புற்றுநோயைக் கண்காணிக்க உதவும் சி.ஏ. 15-3 என்ற புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்த்திருந்தால், அதிலும் ஒற்றை எண்ணை வைத்துக் கலங்க வேண்டாம். நல்ல மருந்து தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் அதுவும் தற்காலிகமாக ஏறக்கூடும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் எலும்பு கட்டும் வேலை மும்முரமாகும்போது உயரும். அடுத்தடுத்த பரிசோதனைகளில் விடாமல் ஏறிக்கொண்டே போனால் மட்டுமே அதற்கு எடை உண்டு.

பெட் ஸ்கேன் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெட் ஸ்கேனில் ஃப்ளூரின்-18 இணைத்த சர்க்கரையைச் செலுத்துகிறார்கள். பசியுள்ள புற்றுநோய்ச் செல்கள் அதை உறிஞ்சுவதால், இது எலும்பின் எதிர்வினையைக் காட்டாமல் செல்லின் உயிர்ப்பையே காட்டுகிறது. எலும்பு ஸ்கேன் தவறவிடும் ஓட்டை வகைப் பரவலை இது நன்றாகவே பிடிக்கும். ஆறி இறுகிய எலும்பு சர்க்கரையை எடுக்காததால், சிகிச்சை பலன் தந்திருக்கிறதா என்பதும் தெளிவாகும். தொடக்கத்திலேயே பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் நானும் அதையே மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவுக்கு ஒப்பிடுவதற்குப் பழைய பெட் ஸ்கேன் இல்லை. இப்போது எடுத்து, எலும்பு ஸ்கேனில் கறுத்துத் தெரிந்த இடங்கள் அதில் அடங்கிக் கிடந்தால் மனம் தேறலாம்; சர்க்கரையை ஓரளவு உறிஞ்சிக்கொண்டிருந்தால், முன்பு எவ்வளவு இருந்து இவ்வளவு குறைந்தது என்று சொல்ல வழியில்லாமல் புதிய குழப்பம் வந்து சேரும். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் லோபுலர் (பால் சுரக்கும் பகுதியில் தொடங்கும்) வகை என்று எழுதியிருந்தால் பெட் ஸ்கேனை இன்னும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும், ஏனென்றால் அந்த வகைப் புற்றுநோய் சர்க்கரையைக் குறைவாகவே எடுக்கும். எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்து, மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு அதில் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் பெட் எடுக்கலாம் என்பது என் கருத்து. "எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்" என்பதற்காக அந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.

அப்படி எடுக்க நேர்ந்தால் இரண்டு செய்திகளைப் பெட் மையத்தில் தவறாமல் சொல்லுங்கள். ரைபோசிக்லிப் வெள்ளணுக்களைக் குறைக்கும். வழக்கமாக மாத்திரையைச் சில நாள் நிறுத்தினாலே அது சரியாகும் என்றாலும், சில இடங்களில் வெள்ளணுவைக் கூட்டும் ஊசி போட்டிருப்பார்கள். அந்த ஊசி போட்ட சில வாரங்களுக்கு எலும்பு மஜ்ஜை முழுவதும் சர்க்கரையை அள்ளிக்கொள்வதால், முதுகெலும்பு மொத்தமும் நோய் பரவியது போலப் பளிச்சென்று தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அதையும், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருக்கும்போது எடுத்த படம் பல நேரங்களில் நம்பத்தக்கதாக இருப்பதில்லை.

காத்திருக்கும் மூன்று மாதத்தில், தொடை வலியைப் போலவே இன்னொன்றுக்கும் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது. நோய் முதுகெலும்பில் இருப்பதால், தண்டுவடம் அழுத்தப்படும் வாய்ப்பை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மார்பையோ வயிற்றையோ கச்சையால் இறுக்கியது போலச் சுற்றி வரும் வலி, படுத்தாலும் இருமினாலும் கூடும் புதிய முதுகுவலி, கால்கள் தளர்ந்து எழுந்திருக்கச் சிரமப்படுதல், கால்களிலோ உட்காரும் இடத்திலோ மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமல் தேங்குதல் அல்லது அறியாமல் கசிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை பொறுக்காமல் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தேவைப்படுவது எலும்பு ஸ்கேனோ பெட் ஸ்கேனோ இல்லை. 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. வலிக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது, ஏனென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அழுத்தம் இருப்பது அரிதன்று. நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை கிடைத்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் செயலிழந்த பிறகு வந்தவர்களை மீண்டும் நடக்க வைப்பது மிகக் கடினம்.

மருந்தை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்று நான் வேண்டுவதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பரவிய நிலையில் முதல் சிகிச்சையாக லெட்ரோசோலுடன் ரைபோசிக்லிப் சேர்த்துக் கொடுத்த மோனலீசா-2 ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. இரண்டும் சேர்ந்து எடுத்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 63.9 மாதங்கள், லெட்ரோசோலை மட்டும் எடுத்தவர்களுக்கு 51.4 மாதங்கள். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று பொருள். உங்கள் அம்மாவுக்கு விதித்த கணக்கு என்று இதைக் கொள்ளாதீர்கள். இந்த நிலையில் கையிலிருக்கும் மருந்துகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பலன் தந்துகொண்டிருக்கும் முதல் மருந்தை, ஆறும் எலும்பின் நிறத்தைப் பார்த்துப் பயந்து மூன்றாம் மாதத்திலேயே கைவிட்டால், அது தந்திருக்கக்கூடிய காலம் வீணாகிவிடும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை. உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கேட்கலாம். ஆனால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல், எல்லா ஸ்கேன்களின் வட்டுகளையும், பயாப்ஸி முடிவையும், மாத்திரை தொடங்கிய தேதியையும், வலி எப்போது எப்படிக் குறைந்தது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

அடுத்த எலும்பு ஸ்கேன், மருந்து தொடங்கி ஆறு மாதம் ஆகும்போது, முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுக்கப்பட வேண்டும். ஐயமான இடங்களுக்கு அங்கேயே ஸ்பெக்ட்-சி.டி. (முப்பரிமாண எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும் ஒன்றாக எடுக்கும் முறை) சேர்த்து எடுக்க வசதி இருந்தால் கேளுங்கள். புள்ளி எலும்பின் எந்தப் பகுதியில் விழுகிறது, அங்கே ஓட்டையா இறுக்கமா என்பது ஒரே அமர்வில் தெரிந்துவிடும். அப்போது புள்ளிகள் மங்கத் தொடங்கியிருந்தாலோ, புதிதாக எதுவும் சேராமல் இருந்தாலோ, இப்போது நாம் பார்ப்பது ஃப்ளேர்தான் என்பது உறுதியாகும். ஆறு மாதத்துக்குப் பிறகும் புள்ளிகள் பெருகிக்கொண்டே போனால் அதற்கு ஃப்ளேர் என்ற விளக்கம் பொருந்தாது. அன்று மருந்து மாற்றத்தைப் பற்றி நீங்களே கேட்கலாம்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் கவலை இயல்பானது. ஒரு எலும்பு ஸ்கேனில் உடல் பெறும் அளவு ஏறத்தாழ 4 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலகில் ஒரு மனிதர் ஓராண்டில் சராசரியாகப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சே 2.4 மில்லிசீவெர்ட் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். சி.டி.யிலும் பெட்-சி.டி.யிலும் அளவு இதைவிட அதிகம் என்பது உண்மை. ஆயினும் அந்த அளவால் நேரக்கூடிய தீங்கு மிகச் சிறியது, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து வரக்கூடியது. தேவையான ஒரு படத்தைத் தவிர்ப்பதால் அம்மாவுக்கு வரக்கூடிய தீங்கு இந்த ஆண்டே வந்து நிற்கும். தேவையற்ற ஸ்கேனை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தேவையானதைப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சு அறவே கிடையாது.

குழந்தையைப் பொறுத்தவரை ஒரே ஒரு நாள் கட்டுப்பாடு போதும். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதற்குள் பெரும்பகுதி சிறுநீரிலும் வெளியேறியிருக்கும். ஸ்கேன் எடுத்த அன்று அம்மா நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும், கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அன்று பகலும் இரவும் குழந்தையை மடியில் நெடுநேரம் வைத்துக்கொள்வதையும் பக்கத்தில் படுக்க வைப்பதையும் தவிர்த்தால் போதும். வீட்டில் கருவுற்ற பெண் யாரேனும் இருந்தால் அவரும் அன்று சற்றுத் தள்ளியே இருக்கலாம். ஒரே அறையில் பேசிக்கொண்டிருப்பதற்கும், அம்மா சமைத்ததைச் சாப்பிடுவதற்கும் தடையில்லை. மறுநாள் காலையிலிருந்து குழந்தை வழக்கம்போலப் பாட்டியிடம் இருக்கலாம். தொடை எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை மட்டும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.